எத்தனை பார் அழுத்தினால் நம்பலாம்?

2025 ஏப்ரல் 1, நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள். காலை எட்டு மணி தாண்டிச் சில நிமிடங்கள்தாம் ஆகியிருந்தன. சுபாங் ஜெயாவை அடுத்த புத்ரா ஹைட்ஸில், மண்ணுக்கடியில் சென்ற பெட்ரோனாஸ் கேஸ் நிறுவனத்தின் எரிவாயுக் குழாய் வெடித்துத் தீப்பற்றியது. தீ 30 மீட்டருக்கும் மேலே எழுந்தது. குழாய் இருந்த இடத்தில் ஏறத்தாழ 10 மீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்தது. எண்பதுக்கும் மேற்பட்ட வீடுகள் முற்றாக எரிந்தன, நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். பெருநாள் பலகாரத்தை மேசையிலேயே விட்டுவிட்டு ஓடிவந்த குடும்பங்கள் பள்ளிவாசலில் தஞ்சமடைந்தன.

அன்றிலிருந்து கிள்ளான் பள்ளத்தாக்கில் பலர் கேட்கும் கேள்வி இது: ‘இந்தக் குழாயையெல்லாம் சோதித்துப் பார்க்காமலா புதைக்கிறார்கள்?’

சோதிக்கிறார்கள். இன்றைய விதிகளின்படி, உயர் அழுத்த எரிவாயுக் குழாய் எதுவும் சோதனை முடியாமல் வேலைக்கு வருவதில்லை. குழாய் முழுக்கத் தண்ணீரை நிரப்பி, பிற்காலத்தில் அது தாங்க வேண்டிய அழுத்தத்தைவிடக் கூடுதலாக அழுத்தி, மணிக்கணக்கில் அப்படியே வைத்திருப்பார்கள். இதை நீரழுத்தச் சோதனை என்போம். கூடுதல் என்றால் எவ்வளவு கூடுதல்? அந்த எண் எங்கிருந்து வருகிறது? அதில் தேறிய குழாய் பிறகு ஏன் உடைய வேண்டும்? மூன்றாம் கேள்விக்கு விடை வேண்டுமானால் முதல் இரண்டையும் கடந்துதான் போக வேண்டும்.

வாயுக் குழாயில் ஏன் தண்ணீர்?

அழுத்தத்தை அளக்க ‘பார்’ என்ற அலகு போதும். நம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 1 பார். கார் டயரில் 2 பாருக்குச் சற்று மேல் இருக்கும். நாட்டின் குறுக்கே எரிவாயு கொண்டுசெல்லும் பெருங்குழாய்களில் 70 பார் வரை இருப்பது சாதாரணம்.

இவ்வளவு அழுத்தத்தைக் காற்றைக் கொண்டே ஏற்றிச் சோதிக்கலாமே என்று தோன்றும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. காற்று சுருங்கும். 70 பாருக்கு ஏற்றும்போது கிட்டத்தட்ட எழுபதில் ஒரு பங்கு இடத்தில் ஒடுங்கிக்கொள்ளும். அதை ஒடுக்கச் செலவிட்ட ஆற்றல் முழுவதும் உள்ளே காத்திருக்கும். குழாய் விரிசல் விட்டால் அத்தனையும் ஒரே நொடியில் வெளியேறும். தண்ணீரோ 100 பாருக்கு அழுத்தினாலும் கனஅளவில் அரை விழுக்காடுகூடச் சுருங்காது. எனவே உள்ளே சேமிப்பாகும் ஆற்றல், அதே அழுத்தக் காற்றில் இருப்பதில் பல நூற்றில் ஒரு பங்குதான். குழாய் கிழிந்ததும் அழுத்தம் சட்டென்று விழுந்துவிடும். விரிசலை நீட்டிக்கொண்டு போக உள்ளே எதுவும் மிஞ்சாது. குறையுள்ள குழாய் உடைந்தே தீருமென்றால், அது தண்ணீர் நிரம்பியிருக்கும் நாளில், ஆள் அண்டாத வேளையில் உடையட்டும் என்பதுதான் இந்தச் சோதனையின் அடிப்படை.

மானியை எங்கே மாட்டுவது?

பிரிக்ஃபீல்ட்ஸில் 60 மீட்டர் உயரமுள்ள அடுக்குமாடி ஒன்றை எடுத்துக்கொள்வோம். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து கீழ்த்தளம் வரை ஒரே தண்ணீர்க் குழாய் இறங்குகிறது. பம்பு எதுவும் ஓடாவிட்டாலும் கீழ்த்தளத்தில் அழுத்தம் 6 பார் இருக்கும். பத்து மீட்டர் உயரத் தண்ணீரின் எடை ஏறக்குறைய ஒரு பார் அழுத்தத்தைத் தருவதே காரணம்.

இந்தக் குழாயை 9 பாரில் சோதிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மானி மொட்டைமாடியில் 9 காட்டினால் கீழ்த்தளம் 15 பாரைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. மானி கீழே 9 காட்டினால் மேலே இருப்பது வெறும் 3 பார். எழுத்தில் ‘9 பாரில் சோதிக்கப்பட்டது’ என்று ஒன்றாகத்தான் இருக்கும், நடந்ததோ இரு வேறு சோதனைகள். ஆகவே சோதனை அழுத்தம் என்ற எண்ணுடன் அது எந்த உயரத்தில் அளக்கப்பட்டது என்பதும் சேர்ந்தால்தான் அதற்குப் பொருள் உண்டு. மேடு பள்ளங்களில் பல கிலோமீட்டர் போகும் குழாய்க்கு இது இன்னும் முக்கியம்.

எஃகில் விழும் இழுப்பு

உள்ளிருக்கும் அழுத்தம் குழாயைச் சுற்றிலும் வெளியே தள்ளுகிறது. குழாயை நீளவாக்கில் இரு பாதியாகப் பிளக்கப் பார்க்கிறது. பிளக்கவிடாமல் பிடித்துக்கொண்டிருப்பது சுவரிலுள்ள எஃகு. அந்த எஃகில் விழும் இழுவிசையை வளைய இழுப்பு என்று அழைப்போம். அழுத்தம் இரு மடங்கானால் இதுவும் இரு மடங்காகும். விட்டம் இரு மடங்கானாலும் அப்படியே. சுவரின் தடிப்பை இரு மடங்காக்கினால் இழுப்பு பாதியாகக் குறையும்.

நீளவாக்கிலும் ஓர் இழுப்பு உண்டு. ஆனால் அழுத்தத்தால் வரும் நீளவாக்கு இழுப்பு, வளைய இழுப்பில் பாதிதான். மண்ணில் இறுகப் புதைந்த நீண்ட குழாயில் அதற்கும் குறைவு. இந்த வேறுபாடு சின்னதாகத் தெரியலாம், ஆனால் புத்ரா ஹைட்ஸை விளங்கிக்கொள்ளும்போது இதுதான் கைகொடுக்கும்.

எஃகை ஓரளவு இழுத்துவிட்டால் பழைய அளவுக்கே திரும்பும். ஒரு கட்டத்தைத் தாண்டினால் திரும்பாது, நீண்டது நீண்டபடியே நிற்கும். அந்தக் கட்டத்தை மீள் எல்லை என்போம். ஆலை ஒவ்வொரு ரக எஃகுக்கும் குறைந்தபட்ச மீள் எல்லை ஒன்றை உறுதியளிக்கிறது.

ஒரு குழாய், ஒரு குன்று

இப்போது கணக்குக்கு வருவோம். எந்த நிறுவனத்தின் குழாயும் இல்லை, நாமே வரைந்துகொள்ளும் குழாய். வெளிவிட்டம் 914 மில்லிமீட்டர், அதாவது 36 அங்குலம். சுவர்த் தடிப்பு 9.9 மில்லிமீட்டர். எரிவாயுப் பெருங்குழாய்களில் வழக்கமாகப் பயன்படும் எக்ஸ்65 ரக எஃகு. இயங்கும் அழுத்தம் 70 பார். ஆட்கள் அதிகம் குடியிராத செம்பனைத் தோட்டத்தின் ஊடே இது போகிறது.

இந்தக் குழாயின் வளைய இழுப்பு மீள் எல்லையைத் தொட 97 பார் தேவை. 70 பாரில் இழுப்பு அந்த எல்லையின் 72 விழுக்காட்டில் நிற்கும். ஆள் குறைந்த இடங்களுக்கு அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் விதிநூல் வழக்கமாக அனுமதிக்கும் எல்லை இந்த 72தான். உலகெங்கும் எரிவாயுக் குழாய் போடுவோர் புரட்டும் நூல் அது.

அந்த நூல் இத்தகைய குழாய்க்குக் கேட்கும் சோதனை அழுத்தம், இயங்கும் அழுத்தத்தின் ஒன்றேகால் மடங்கு. 70 பாரை ஒன்றேகாலால் பெருக்கினால் 87.5 பார். இது கீழ் எல்லை. குழாயின் எந்தப் புள்ளியிலும், மிக உயரமான மேட்டிலும்கூட, இதற்குக் குறையக் கூடாது. மேல் எல்லை 97 பார். அதைத் தாண்டினால் சோதனையே குழாயைக் கெடுத்துவிடலாம்.

இரண்டுக்கும் இடையே ஒன்பதரை பார்தான் இருக்கிறது. அந்த ஒன்பதரை பாரைத் தண்ணீரின் உயரமாக மாற்றினால் ஏறத்தாழ 95 மீட்டர் வரும். ஒரே தடவையில் சோதிக்கும் பகுதியில், மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உள்ள உயர வேறுபாடு 95 மீட்டரைத் தாண்டக் கூடாது என்று இந்த எண் நமக்குச் சொல்லிவிடுகிறது.

குழாய் 150 மீட்டர் உயரக் குன்றில் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். உச்சியில் 87.5 பார் வைத்தால் அடிவாரத்தில் 102 பார் ஆகிவிடும், அது மேல் எல்லைக்கு வெளியே. அடிவாரத்தில் 97 வைத்தால் உச்சிக்கு 82தான் எட்டும், அது கீழ் எல்லைக்குக் கீழே. ஒரே எண்ணால் இரண்டையும் நிறைவு செய்ய வழியில்லை. எனவே குழாயை நடுவே பிரித்து 75 மீட்டர் உயரமுள்ள இரு பகுதிகளாகச் சோதிக்க வேண்டும். அப்போது ஒவ்வொன்றிலும் உச்சியில் 87.5, அடியில் 95 பாருக்குச் சற்றுக் கீழ். இரண்டும் எல்லைக்குள் அடங்கிவிடும். வால்வு, விளிம்பிணைப்பு போன்ற உறுப்புகளில் ஏதாவது ஒன்று இதற்கும் குறைவாகத்தான் தாங்கும் என்றால், மேல் எல்லை அந்த உறுப்பின் எல்லைதான்.

பம்பு ஓடும் நாள்

பத்துக் கிலோமீட்டர் நீளத்துக்கு இந்தக் குழாயை நிரப்ப ஏறத்தாழ 63 லட்சம் லிட்டர் தண்ணீர் தேவை. காற்று உள்ளே தங்கிவிடாமலிருக்க, குழாயை அடைத்துக்கொண்டு நகரும் ‘பிக்’ என்ற முட்டுக்கட்டையை முன்னால் ஓடவிட்டு, அதன் பின்னால் தண்ணீரை ஏற்றுவார்கள். பிறகு அழுத்தப் பம்பு வரும். 87.5 பாரை எட்ட, நிரம்பிய குழாய்க்குள் இன்னும் ஏறக்குறைய 46,000 லிட்டரைத் திணிக்க வேண்டும். நிரம்பிய குழாயில் அது எங்கே போகிறது? கிட்டத்தட்ட பாதி, தண்ணீர் சுருங்கியதால் கிடைத்த இடத்துக்கு. மீதி, குழாய் உப்பியதால் கிடைத்த இடத்துக்கு. எஃகுக் குழாயின் விட்டம் அன்று ஒன்றரை மில்லிமீட்டர் கூடியிருக்கும்.

திணித்த தண்ணீரின் அளவையும் ஏறிய அழுத்தத்தையும் வரைதாளில் புள்ளி புள்ளியாகக் குறித்துக்கொண்டே போவார்கள். புள்ளிகள் நேர்கோட்டில் அமைந்தால் எஃகு மீள் எல்லைக்குள் இருக்கிறது. கோடு சாயத் தொடங்கினால், அதாவது அதே அளவு தண்ணீருக்கு முன்னைவிடக் குறைவாகவே அழுத்தம் ஏறினால், எங்கோ எஃகு இளகத் தொடங்கிவிட்டது என்று பொருள். பம்பை நிறுத்திவிட வேண்டும். தொடக்கத்திலேயே கோடு வளைந்தால் உள்ளே காற்று சிக்கியிருக்கிறது.

பிறகு வால்வை மூடிவிட்டுக் காத்திருப்பது. அமெரிக்க அரசின் விதி இத்தகைய குழாய்க்குக் குறைந்தது 8 மணி நேரம் கேட்கிறது. வட்டத் தாளில் பேனா அழுத்தத்தைக் கோடாக எழுதிக்கொண்டிருக்கும். கோடு இறங்கினாலே கசிவு என்று முடிவுகட்ட முடியாது. தண்ணீரின் வெப்பம் ஒரு பாகை குறைந்தால் நம் குழாயில் அழுத்தம் ஏறத்தாழ 3 பார் இறங்கும். கோலாலம்பூரில் பகலெல்லாம் கொளுத்திவிட்டு மாலையில் மழை கொட்டும்போது, மண்ணுக்கு மேலே தெரியும் குழாய்த் துண்டு சட்டென்று குளிர்ந்துவிடும். அதனால்தான் அழுத்தமானியின் அருகிலேயே வெப்பமானியும் வைக்கிறார்கள். அழுத்த இறக்கத்துக்கு வெப்பம் கணக்குச் சொன்னால் குழாய் தேறியது. கணக்கில் வராத இறக்கம் மிஞ்சினால் கசிவைத் தேடிப் போக வேண்டும்.

ஏன் ஒன்றேகால்?

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் டெக்சஸிலிருந்து வடகிழக்குக்கு எண்ணெய் கொண்டுபோக ‘பிக் இன்ச்’, ‘லிட்டில் பிக் இன்ச்’ என்ற இரு பெருங்குழாய்களை அவசரமாகப் போட்டார்கள். போருக்குப் பின் அவை டெக்சஸ் ஈஸ்டர்ன் நிறுவனத்திடம் வந்து எரிவாயுவைச் சுமந்தன. ஆலையிலேயே நேர்ந்திருந்த குறைகளால் அவை ஓடிக்கொண்டிருக்கும்போதே அடிக்கடி உடைந்தன. 1950களின் தொடக்கத்தில் பட்டெல் ஆய்வகத்தின் ஆலோசனைப்படி, அவற்றைத் தண்ணீரால் மீள் எல்லையளவு அழுத்திச் சோதித்தார்கள். நூற்றுக்கணக்கான இடங்களில் குழாய் கிழிந்தது. ஒவ்வொன்றையும் மாற்றிவிட்டு மீண்டும் அழுத்தினார்கள். அதன்பின் ஆலைக் குறையால் ஓட்டத்தில் உடைவது நின்றுபோனது.

நீரழுத்தச் சோதனை உண்மையில் என்ன செய்கிறது என்பது அங்கேதான் துலங்கியது. குறைகளில் பெரியவற்றை அது உடைத்து வெளியேற்றுகிறது. சிறியவை உள்ளேயே தங்கிவிடும். ஆனால் 87.5 பாரில் உடையாத குறை 70 பாரில் உடனே உடையாது. உடையும் அளவுக்கு அது இன்னும் வளர வேண்டும். சோதனை அழுத்தத்துக்கும் இயங்கும் அழுத்தத்துக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு அகலமோ, எஞ்சிய குறை அவ்வளவு சிறியது, அது வளர்ந்து ஆபத்தாவதற்கு அவ்வளவு காலம் பிடிக்கும். ஒன்றேகால் என்ற எண் நமக்கு வாங்கித் தருவது காலம்.

தோட்டம் தாமான் ஆனபோது

மலேசியத் தீபகற்பத்தின் எரிவாயுக் குழாய்த் திட்டம் 1984இல் தெரெங்கானுவில் தொடங்கியது. 1990களின் தொடக்கத்தில் தென்பகுதிக்கும் கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் நீண்டது. கிள்ளானை அடுத்த காப்பார் மின்நிலையம் போன்ற பெரிய நுகர்வோர் இந்தப் பக்கம்தான் இருந்தார்கள். அந்த ஆண்டுகளில்தான் இங்குள்ள ரப்பர், செம்பனைத் தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாமான்களாகின. நம்மவர்களின் லயங்கள் இருந்த இடங்களில் இரட்டை மாடி வீடுகள் வரிசையாக எழுந்தன.

விதிநூல் இந்த மாற்றத்தைக் கணக்கில் எடுக்கிறது. குழாயின் இருபுறமும் சுமார் 200 மீட்டர் அகலத்தில், 1.6 கிலோமீட்டர் நீளத்துக்குள் உள்ள வீடுகளை எண்ணு என்கிறது. பத்து வரை இருந்தால் முதல் இட வகுப்பு. 46 வீடுகளை எட்டினால் மூன்றாம் வகுப்பு. ஒரு தாமானின் இரண்டு மூன்று லோரோங்குகளிலேயே 46 வீடுகள் நிறைந்துவிடும். மூன்றாம் வகுப்பில் புதிதாகப் போடும் குழாயில் இழுப்பு மீள் எல்லையில் பாதியைத் தாண்டக் கூடாது, சோதனை அழுத்தமும் ஒன்றரை மடங்காக வேண்டும்.

நமது தோட்டத்துக் குழாயைச் சுற்றித் தாமான் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். குழாய் மாறவில்லை, மண்ணுக்கு மேலே உலகம் மாறிவிட்டது. இனி 70 பாரில் ஓட்டலாமா? அமெரிக்க விதியின்படி, பழைய சோதனைச் சான்று எடுத்துக்காட்டும் அழுத்தத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் இனி அனுமதி. 87.5 பாரில் மூன்றில் இரண்டு, 58 பார். அதற்கு மேல் வேண்டுமென்றால் தடித்த குழாயை மாற்றிப் போடுவது போன்ற வழிகளைத் தேட வேண்டும். வீடுகளே இல்லாத காலத்தில் தோட்டத்துக்குள் ஒருநாள் பிடித்த அழுத்தம், இன்று அங்கே குடியிருக்கும் குடும்பங்களுக்கு எவ்வளவு பாதுகாப்பு என்பதைத் தீர்மானிக்கிறது. அந்தச் சான்றுத் தாளைப் பத்திரப்படுத்தாத நிறுவனம் பாதுகாப்பின் அளவுகோலையே தொலைத்துவிட்டதாகத்தான் கொள்ள வேண்டும்.

சோதிக்காததால் வந்த விபத்து

கலிஃபோர்னியாவின் சான் புரூனோவில் 2010 செப்டம்பர் 9 அன்று மாலை, குடியிருப்பின் நடுவே ஓர் எரிவாயுக் குழாய் வெடித்தது. எட்டுப் பேர் இறந்தனர், 38 வீடுகள் அழிந்தன. வெடித்தபோது அழுத்தம் 27 பார்தான், அனுமதித்த அளவுக்கும் உள்ளே. 1956இல் போட்ட அந்தக் குழாயின் நீளவாக்குப் பற்றவைப்பு ஒன்று அரைகுறையாக விடப்பட்டிருந்தது. 1970இல் வந்த அமெரிக்க விதி, அதற்கு முந்திய குழாய்களுக்கு நீரழுத்தச் சோதனையிலிருந்து விலக்கு அளித்திருந்தது. நீளவாக்குப் பற்றவைப்பில் வளைய இழுப்பு முழுதாக விழும். அதைத்தான் நீரழுத்தச் சோதனை முழு பலத்தோடு சோதிக்கும். ஒருநாள் தண்ணீர் விட்டு அழுத்தியிருந்தால் வெளிப்பட்டிருக்கக் கூடிய குறை 54 ஆண்டுகள் மண்ணுக்குள் காத்திருந்தது.

சோதித்தாலும் தெரியாதது

புத்ரா ஹைட்ஸ் வேறு வகை. வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையின் விசாரணை முடிவு 2025 ஜூன் இறுதியில் வெளியானது. குழாயைத் தாங்கிய மண் நீரூறி உறுதி இழந்திருந்தது. தாங்குதல் போனதால் குழாயின் மீது சுமை மீண்டும் மீண்டும் மாறி மாறி விழுந்தது. கடைசியில் ஒரு பற்றவைப்பு இணைப்பு முறிந்தது. ஒரு கம்பியை ஒரே இழுப்பில் அறுக்க முடியாதவர்கூட, அதை முன்னும் பின்னுமாக வளைத்துக்கொண்டே இருந்தால் ஒடித்துவிடுவார். எஃகுக்கும் இந்தக் களைப்பு உண்டு.

முன்னே பார்த்த வேறுபாடு இங்கே உதவுகிறது. மண் இறங்கும்போது குழாய் வளைகிறது. வளைவு தரும் இழுப்பு நீளவாக்கில் விழும், குழாய்த் துண்டுகளை முனையோடு முனை சேர்க்கும் பற்றவைப்புகளைக் குறிவைக்கும். நீரழுத்தச் சோதனையோ அந்தத் திசையில் பாதி பலத்தோடு அல்லது அதற்கும் குறைவாகவே இழுத்துப் பார்க்கிறது. அதனால்தான் முனைப் பற்றவைப்புகளைத் தனியாக ஊடுகதிர்ப் படம் எடுத்துப் பார்க்கிறார்கள். மேலும், சோதனை நடக்கும் நாளில் மண் உறுதியாக இருந்திருந்தால், பல ஆண்டுகளுக்குப் பிறகு அது இளகப்போவதை எந்த அழுத்தமும் முன்கூட்டிக் காட்டாது. ஒன்றேகால் மடங்கை ஒன்றரை ஆக்கினாலும், இரண்டு மடங்காக்கினாலும் விடை இதுதான்.

மண்ணுக்கு வேறு கண்காணிப்பு வேண்டும். குழாயின் உள்ளே ஓடி அதன் வளைவையும் இடப்பெயர்வையும் அளக்கும் கருவிகள் இருக்கின்றன. நிலத்தில் பதித்து நகர்வையும் நிலத்தடி நீரையும் அளக்கும் மானிகள் இருக்கின்றன. மழை மிகுந்த, தோண்டலும் நிரவலும் ஓயாத கிள்ளான் பள்ளத்தாக்கில் இவை குழாயின் அங்கமாகவே கருதப்பட வேண்டியவை.

கேட்க வேண்டிய கேள்விகள்

குழாய் ‘சோதிக்கப்பட்டது’ என்ற ஒற்றைச் சொல்லோடு யாரும் திருப்தியடைந்துவிடக் கூடாது. எந்த ஆண்டில் சோதித்தார்கள்? அப்பகுதியின் உச்ச மேட்டில் எத்தனை பார் இருந்தது? அன்று அந்த இடம் எந்த வகுப்பு, இன்று எந்த வகுப்பு? வகுப்பு மாறிய பின் ஓட்டும் அழுத்தத்தைக் குறைத்தார்களா? குழாயின் அடியில் உள்ள மண்ணை யார், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறார்கள்? இந்த ஐந்தையும் கேட்கப் பொறியியல் பட்டம் தேவையில்லை. முதல் நான்குக்கும் விடை எழுத்தில் இருந்தாக வேண்டும், ஐந்தாவதற்கான விடையை ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். குழாயின் மேல் குடியிருப்பவர்களுக்கு இந்த விடைகளை அறியும் உரிமை உண்டு. குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் அடுத்த முறை இதைக் கேட்பதற்கு யாரும் தயங்க வேண்டாம்.